மையவாடியில் ஒரு பொத்தான் கோரை

எங்கள் வீட்டு ஆடு கோரை தின்னாது. வேறு வழியில்லாமல் போனால் நுனியை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தை மிதித்துப் போட்டுவிடும். அதனால் புல் அறுக்கும்போதே இரண்டையும் பிரித்துப் போடப் பழகிக்கொண்டேன். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் புல் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை உருளாது. அதற்கு மூன்று மூலை. ஒவ்வொரு மூலையும் விரலில் இடறும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நான் படித்தது எட்டாவது வரைதான். செடிகொடியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எதுவும் இப்போது நினைவில் இல்லை. இது மட்டும் விரலிலேயே தங்கிவிட்டது.

அந்த ஆட்டை நான் ஒரு சாக்காகவும் வைத்திருந்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் எனக்குக் கை கால் ஓடாது. சலாம் சொல்லிவிட்டு, "ஆட்டுக்குப் பார்த்துட்டு வர்றேன்" என்று கொல்லைக்குப் போய்விடுவேன். அவர்கள் பசியாறி, பேசி, எழுந்து போகும்வரை கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் நானா என்னை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அவர் பேசாத பேச்சில்லை. வீட்டில் இருந்த பேச்சு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டதால் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று உம்மா சொல்வார்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்குப் பதினேழோ பதினெட்டோ இருக்கும். இன்றைக்கு அந்தத் தெருவை நினைத்தால் வீடுகள் முன்பக்கமாக நினைவுக்கு வருவதில்லை. கொல்லைகள்தான் வருகின்றன. எலுமிச்சை, வாழை, கிணறு, துவைகல், கடைசியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் மையவாடிச் சுவர். எங்கள் தெருவில் மவுத்தானவர்களை எல்லாம் அடக்கிய இடம். பெண்கள் உள்ளே போவதில்லை. ஆனால் துணி உலர்த்தும்போதும் ஆட்டைக் கட்டும்போதும் அவர்கள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். பயமோ துக்கமோ இல்லாமல் அது பக்கத்து வீடு மாதிரியே இருந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு லாத்தா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான், மூத்த அக்காள். அவருடைய ஒரே தம்பி சைகோனில் இருந்தார். இளவயதில் கப்பலேறியவர். இடையில் அவர்களைப் பெற்ற உம்மா மவுத்தானபோதும் வர முடியவில்லை. அங்கே சண்டையும் குழப்பமும். சேதி போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆனதாம்.

அந்த உம்மாவை எனக்கு நினைவில்லை. அவர் வைத்திருந்த செடி நினைவிருக்கிறது. லாத்தா வீட்டுக் கிணற்றடியில், எலுமிச்சை நிழலில், ஒரு சிறு கோரை படர்ந்திருக்கும். முழங்காலுக்கும் கீழான உயரம். தண்டின் தலையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு உருண்டை. அதன் வேரைக் கிள்ளி நசுக்கினால் வாசனை வரும். அந்த உம்மா அதைக் காயவைத்துத் துணிப்பெட்டியில் போட்டு வைப்பாராம். ஊரில் அதற்கு என்ன பெயரோ தெரியாது. எங்கள் இரண்டு வீட்டிலும் பொத்தான் கோரை. அவர் போலகத்துப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி வந்தபோது அங்கே ஆற்றங்கரைப் படுகையிலிருந்து ஒரு கொத்து வேரோடு கொண்டுவந்து வைத்தாராம்.

அவர் மவுத்தான அன்று லாத்தா அந்தக் கொத்தில் பாதியைத் தோண்டி, சந்தாக்குப் பெட்டியில் மையத்தைத் தூக்கிப் போனவர்களிடம் கொடுத்து, அடக்கிய கபுரின் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். பச்சை இருக்கும்வரை அது அல்லாவைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு அது லேசு என்பது எங்கள் நம்பிக்கை. அதனாலேயே கபுர் மேல் முளைத்திருக்கும் எந்தப் பச்சையையும் எங்கள் ஆட்கள் பிடுங்க மாட்டார்கள். காய்ந்ததை மட்டும் எடுப்பார்கள். மாதிரிக்கு ஒரு இலை கூடக் கிள்ள மாட்டார்கள். இது ஏன் முக்கியம் என்று பின்னால் தெரியும்.

வீட்டில் இருந்த பாதி, கிணற்றடிக்குச் சிமெண்டு போட்டபோது போய்விட்டது. மையவாடியில் இருந்ததற்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லாத்தா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தனுப்புவார். முதலில் ஒரு பெரியவர் ஊற்றினார். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு நானா ஊற்றினார். நானா இந்த வேலையை ஏற்றது பெரும்புயல் ஒன்று அடித்து ஓய்ந்த சமயம். தலைமாட்டில் நட்டிருந்த மரப்பலகை மீசான் எங்கோ அடித்துக்கொண்டு போயிருந்தது. அடையாளமாக நின்ற புன்னை மரமும் சாய்ந்து, காரைக்கால்மேட்டு மீனவர்கள் வந்து படகு வேலைக்கென்று அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மணல் மூடிக் கிடந்தது. நானா சுற்றிப் பார்த்து, கோரை முளைத்திருந்த ஒரு இடத்தில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்.

தம்பி வருகிறார் என்ற சேதி வந்தபோது லாத்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார். அண்டா குண்டானெல்லாம் புளி போட்டுத் துலக்கினார். அன்று மாலை எங்கள் கொல்லைக்கு வந்தார்.

"தம்பி வந்ததும் மொதல்ல உம்மா எங்கன்னுதான் கேப்பான். நான் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். கோரை நல்லா இருக்குல்ல?"

நானா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லாவா? தளதளன்னு நிக்கிது லாத்தா. வெயில் கொளுத்துது, அதுபாட்டுக்கு வளருது. முட்டி உசரம்."

எனக்கு அந்தப் பேச்சு இடறியது. கிணற்றடியில் இருந்தது நிழலில்தான் இருந்தது. எலுமிச்சையை ஒரு முறை வெட்டிவிட்டபோது அது வெளுத்துப் போனதும் நினைவிருந்தது. உம்மாவிடம் போய் மெதுவாகச் சொன்னேன். உம்மா அதைச் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"வெயில்லயா நிக்கிது? தலை வெள்ளையா இருக்கா, பச்சையா இருக்கா?"

"தலையில தொப்பி இருக்கான்னும் பாத்துட்டு வரவா?" என்றார் நானா. "கோரைன்னா கோரைதானே. கபுருல ஒத்தைக் கோரைதான் இருக்கா? அஞ்சாறு வகை மண்டிக் கெடக்கு. நல்லா இருக்குறதுக்கு ஊத்துறேன்."

லாத்தாவின் முகம் மாறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "அது வெள்ளையாடி?" என்று கேட்டார். "எனக்கு நெனப்பு வரமாட்டேங்குது. உம்மா மொகம் அப்படியே கண்ணுல நிக்கிது. அந்தப் பூண்டோட மொகம் மறந்துபோச்சு."

எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தது சின்ன வயதில்.

"எங்கேர்ந்து ஓதினாலும் போய்ச் சேரும்" என்று உம்மா ஆறுதல் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதா? ஆனா அவன் மண்ணு கூட அள்ளிப் போடலையே. எங்கன்னு கேப்பான். அங்க எங்கேயோன்னு எப்படிச் சொல்றது?"

போலகம் போய் அந்தப் பூண்டை அது முளைத்த இடத்திலேயே பார்த்துவிடுவது என்று அங்கேயே முடிவானது. உம்மா எப்படிச் சம்மதித்தார் என்று இன்றும் ஆச்சரியம்தான். நானாவைத் துணைக்கு அனுப்பினார்.

ஒரு கூண்டு வண்டியில் லாத்தாவும் நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். நானா வண்டிக்காரரோடு முன்னால் இருந்தார். வழி நெடுகப் பேச்சு.

"பொண்ணு பாக்கப் போவாங்க, மாப்பிள்ளை பாக்கப் போவாங்க. பூண்டு பாக்கப் போறவங்களை இப்பத்தான் பாக்குறேன். சீர்வரிசை ஏதும் எடுத்துட்டு வந்தீங்களா லாத்தா?"

"உன் வாயை வச்சு தைக்க ஒரு கோணி ஊசி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார் லாத்தா.

வண்டிக்காரர் சிரித்ததில் மாடு கூட ஒரு தரம் நின்றுவிட்டது.

போலகத்தில் லாத்தாவின் தாய்வழி உறவினர் ஒருவர் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, வரப்பில் நடந்து படுகைக்குப் போனோம். வயல் முடிந்து ஆறு தொடங்குவதற்கு முன்னால் நீளவாக்கில் ஒரு காடு. காடு என்றால் பெரிய காடு இல்லை. மூங்கிலும் நாவலும் புங்கமும் பின்னிக்கொண்டு நின்ற ஆற்றோரம். வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே காலெடுத்து வைத்ததும் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. தரையெல்லாம் மூங்கில் சருகு. மிதித்தால் மெத்தென்று அமுங்கியது. அடியில் ஈரம். தவளை ஒன்று எங்கோ கத்தியது. யாரும் இல்லாத இடம் என்பதால் துப்பட்டியைத் தோளில் இறக்கி விட்டுக்கொண்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதிகம் அனுபவித்ததில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை, நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. பழுப்புச் சருகும் கறுத்த நிழலும்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு, யாரோ ஒரு டப்பா பொத்தானைக் கவிழ்த்துவிட்டது போலத் தரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. குனிந்தேன். அதுதான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் மறந்திருந்தேன் என்பதே அப்போதுதான் ஆச்சரியமாக இருந்தது.

தலை நல்ல வெள்ளை, சோற்றுப் பருக்கையை உருட்டி வைத்த மாதிரி. தலைக்குக் கீழே மூன்று இலைகள் மூன்று பக்கம் விரிந்திருந்தன. ஒன்று நீளம், மற்ற இரண்டும் அதைவிடக் குட்டை. தண்டை விரலில் உருட்டினேன், மூலை இடறியது. இது கபுர் இல்லை, படுகை. பிடுங்கலாம். ஒன்றை மெல்ல இழுத்தபோது அது தனியாக வரவில்லை. செம்பழுப்பு நிறத்தில் ஒரு வேர், மண்ணுக்கு மேலாகவே ஓடி, விரற்கடை தூரத்துக்கு ஒரு முளை விட்டுக்கொண்டே போனது. அடுத்த செடியும் அதற்கடுத்த செடியும் ஒரே வேரில் வரிசையாக நின்றன. லாத்தா ஒரு துண்டைக் கிள்ளி நசுக்கி முகர்ந்தார். பிறகு அதைக் கையிலேயே மூடி வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. மூங்கில் ஒன்று விழுந்து கூரை திறந்திருந்த ஓரிடத்தில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. அங்கே போய்ப் பார்த்தேன். பொத்தான் கோரை அந்த வட்டத்தின் ஓரம்வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே வேறு ஒரு கோரை முளைத்திருந்தது. அதற்கும் உருண்டைத் தலைதான். ஆனால் பச்சை. இலையும் கொஞ்சம் தடிப்பு. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே தோன்றும். நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"லாத்தாக்கிட்ட இப்ப சொல்லாதே" என்றார். "நான் ஊத்துனது அந்தப் பச்சைத் தலைக்குத்தான்."

லாத்தா எங்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "கேட்டுச்சு" என்றார்.

"யாரோ ஒருத்தருக்கு நன்மை லாத்தா. வீணாப் போகலை."

"வாயை மூடு" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. தம்பி வர இரண்டு மூன்று நாள்தான் பாக்கி.

அதுவும் பாக்கி இல்லை என்று மறுநாளே தெரிந்தது. சொன்ன நாளுக்கு முன்பே வண்டி கிடைத்ததாலோ என்னவோ, தம்பி பேரளத்திலிருந்து வரும் ரயிலில் வந்து இறங்கிவிட்டார். உயரமான மனிதர். காற்சட்டை, மடித்துவிட்ட சட்டைக்கை. பால் இல்லாத காபி குடிப்பார் என்பது அன்று தெரு முழுக்கப் பேச்சு. நான் கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். லாத்தாவும் அவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் கேட்டார், "லாத்தா, உம்மா எங்கே?"

லாத்தா மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தண்ணீர் கதை உட்பட. பிறகு என்னைத் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். மையவாடிச் சுவர் ஒரு இடத்தில் இடிந்து இடுப்பளவு இருக்கும். அங்கே நின்றோம். நானாவும் லாத்தாவின் தம்பியும் உள்ளே போனார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர்கள் தெரியவில்லை, நடுவில் ஒரே புதர். சத்தம் மட்டும் வந்தது.

"இந்தா, இதான் நான் ஊத்துனது" என்றது நானாவின் குரல்.

நான் லாத்தாவின் காதில் சொன்னேன். லாத்தா கத்தினார்: "தலை என்ன நிறம்?"

"பச்சை!"

மறுபடி காதில் சொன்னேன். லாத்தா கத்தினார்: "அது இல்லை! வெள்ளையா பாரு! கிள்ளாதே, நின்ன வாக்குலயே பாரு!"

"கிள்ளலை! தடவித்தான் பாக்குறேன்! இங்க ஒண்ணு இருக்கு, தலையே இல்லை!"

"அதுல தண்டை உருட்டு! மூலை இருக்கா?"

"இருக்கு. மூணு... இல்ல, ரெண்டு. லாத்தா, இது புல்லு!"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. திடீரென்று லாத்தா என் பக்கம் திரும்பினார். "என்னைய வச்சுத் தபால் அனுப்புறியா? தொண்டை போச்சு. நீயே கேளேன்டி."

உள்ளே இருந்தவர் அந்நிய ஆண். அதுவரை அப்படி ஒருவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் லாத்தா என் கையை விடுவதாக இல்லை. துப்பட்டியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"புன்னை மரம் நின்ன எடம் தெரியுதா?"

உள்ளே சத்தம் நின்றது. "யாரு பேசுறது?" என்றார் தம்பி.

"எங்க வீட்டு ஊமைச்சி" என்றார் நானா.

"ஊமை நல்லாத்தானே பேசுது. சொல்லும்மா."

"மரத்தோட அடிக்கட்டை இருக்கான்னு பாருங்க. மணலுக்கு அடியில இருக்கும்."

காலால் மணலைத் தள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் நானா "ஆவ்" என்றார். கட்டை விரலில் இடித்துக்கொண்டாராம். "இருக்கு! கண்டுபுடிச்சாச்சு, காலாலேயே!"

"அதுக்குப் பக்கத்துல நிழல் எங்க இருக்கு?"

"நிழலா? மரம் போனப்புறம் ஏது நிழல்? பூரா வெயிலு. அந்தாண்ட சங்கஞ்செடிதான் மண்டிக் கெடக்கு."

சங்கஞ்செடி கடற்கரைப் பக்கத்தில் தானாக முளைக்கும் முள். கணுவுக்குக் கணு ஊசி. தரையோடு கவிந்து குடை மாதிரி படரும். ஆடு கூட ஓரமாகத்தான் கடிக்கும்.

"அதுக்கு அடியில பாருங்க" என்றேன்.

"அதுக்கு அடியிலயா? என் கைலி என்னத்துக்கு ஆவும்?" என்றார் நானா.

பிறகு தெரிந்தது, தம்பி அந்தக் காற்சட்டையோடு மணலில் குப்புறப் படுத்துத் தலையை முள்ளுக்குள் விட்டிருக்கிறார். லாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளையா இருக்கு" என்றது அவர் குரல், அடங்கிப்போய். "வெள்ளை வெள்ளையா நெறைய இருக்கு."

"தலைக்குக் கீழ எத்தனை எலை?"

"மூணு. ஒண்ணு நீளம்."

"உருட்டிப் பாருங்க."

"உருளலை."

லாத்தா சுவரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் படுகையில் அந்த வேரைப் பார்த்துவிட்டேனே. அதையும் சொன்னேன். அந்தக் கோரை வைத்த இடத்திலேயே நிற்காது. வேர் ஓடிக்கொண்டே போகும். வைத்தபோது மரநிழலில், தலைமாட்டில் வைத்தார்கள். மரம் விழுந்து வெயில் வந்ததும் அந்தப் பக்கம் இருந்தது பட்டுப்போயிருக்கும். முள்ளின் நிழலைப் பார்த்துப் போனது மட்டும் பிழைத்திருக்கும். அதனால் கபுர் முள்ளுக்கு நேர் அடியில் இருக்காது. அடிக்கட்டைக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கும்.

"நடுவுல எவ்வளவு தூரம்?" என்று லாத்தா கேட்டார்.

"ஒரு ஆள் படுக்கலாம்" என்றார் தம்பி.

சற்றுக் கழித்து, அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியாத குரலில் சொன்னார்: "உம்மாவுக்கு எப்பவுமே வெயில் ஆகாது லாத்தா. நிழலுக்கு நகந்து படுத்துட்டாங்க."

அவர்கள் ஓத ஆரம்பித்தார்கள். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கையேந்தி நின்றோம். எங்கள் ஆடு சந்துவரை வந்து என் துப்பட்டி முனையை மென்றுகொண்டிருந்தது. நான் விரட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் தம்பி ஒரு கொத்தனாரைப் பிடித்துவிட்டார். முள்ளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி, சுற்றிலும் செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, தலைமாட்டில் கல் மீசான் நடுவது என்று ஏற்பாடு. லாத்தா பூரித்துப்போனார். "பாருடி, ஊரே பாக்குற மாதிரி இருக்கப்போவுது" என்று எங்கள் வீட்டில் வந்து சொன்னார்.

உம்மாவிடம் சொன்னேன், முள்ளை வெட்டினால் கோரை இருக்காது என்று.

"நமக்கு எதுக்கு அது? அவங்க உம்மா கபுரு. அந்த மனுஷன் இத்தனை வருஷம் கழிச்சு ஏதோ செய்யணும்னு நெனைக்கிறாரு. நீ குறுக்க போய் நிக்காதே."

உம்மா சொன்னதும் சரிதான். இரவெல்லாம் சரிதான் சரிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் அரிவாள் விழும் சத்தம் கேட்டது. ஒரு வெட்டு, முள் கிளையை இழுக்கும் சரசரப்பு, இன்னொரு வெட்டு. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். துப்பட்டியை எடுத்தேனா என்று கூட நினைவில்லை. இடிந்த சுவரில் ஏறி நின்று, "வெட்டாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

புதருக்குப் பின்னாலிருந்து தம்பி எழுந்து வந்தார். கையில் அரிவாள். முழங்கையெல்லாம் கீறல். கொத்தனார் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"முள்ளுதானேம்மா?"

"முள்ளு போனா நெழல் போயிடும். நெழல் போனா அது இருக்காது. படுகையில பாத்தேன். வெயில் விழுந்த எடத்துல ஒண்ணு கூட இல்லை."

அவர் திரும்பிப் பார்த்தார். வெட்டிய இடத்தில் அதற்குள் வெயில் இறங்கியிருக்க வேண்டும். வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது, பொதுவாகச் சொன்னார்.

"சந்தாக்கைத் தோள்ல வைக்கலை. மண்ணு போடலை. ஒரு கல்லாவது வைக்கலாம்னு வந்தேன். வேற நான் என்னதான் செய்யறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "வெட்டுன கெளையைத் திரும்ப அது மேலயே போட்டுடுங்க. மழைக்குள்ள அடிமுள்ளு தழைஞ்சிடும்."

அவர் அரிவாளைக் கொத்தனாரிடம் கொடுத்தார். "நீங்க பசியாறிட்டுப் போங்க, லாத்தா இட்டிலி வச்சிருக்காங்க" என்று அனுப்பிவிட்டார். பிறகு தனியாக, வெட்டிப் போட்ட முள்ளை ஒவ்வொரு கிளையாக எடுத்து, எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் சொருகி வைத்தார். வெறுங்கையால்தான் செய்தார். சுவரில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது போலத் தோன்றியது. லாத்தா வந்து என் பக்கத்தில் நின்றார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பார்த்ததிலேயே தெரிந்துகொண்டார். மெல்ல என் தலையில் தன் துப்பட்டியின் பாதியைப் போர்த்திவிட்டார்.

பிறகு தம்பி, கொண்டுவந்த செங்கலில் கொஞ்சத்தைப் புன்னைக் கட்டையின் பக்கம் மட்டும் வரிசையாகப் பதித்து வைத்தார். வெயில் பக்கம் செங்கல், நிழல் பக்கம் முள். கபுருக்கு எல்லை அதுதான்.

சில நாள் இருந்துவிட்டு அவர் புதுச்சேரிக்குப் போனார். அங்கிருந்து பிரான்சுக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். போகும்போது எங்கள் வாசலில் நின்று, "அந்தத் தங்கச்சிக்கு சலாம் சொல்லுங்க" என்று உம்மாவிடம் சொன்னார். நான் வழக்கம்போலக் கொல்லையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தண்ணீர் நிற்கவில்லை. லாத்தா இப்போது இரண்டு செம்பு கொடுத்தார். பச்சைத் தலைக் கோரைக்கும் ஊற்றியாக வேண்டும் என்று நானாதான் கேட்டு வாங்கினார். "இத்தனை நாள் ஊத்திட்டு திடீர்னு நிறுத்துனா, உள்ள இருக்குறவங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்பது அவர் நியாயம்.

லாத்தாவும் முன்போல, கோரை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்பதில்லை. செம்பைத் திரும்ப வாங்கும்போது கேட்பது வேறொன்று. எனக்குக் கல்யாணமாகி அந்தத் தெருவை விட்டுப் போகும்வரை, வாரம் தவறாமல் கொல்லைச் சுவருக்கு மேலாக அது என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"முள்ளு நல்லா இருக்கா?"

"இருக்கு லாத்தா, இருக்கு. இன்னைக்கும் கைலியைக் கிழிச்சிட்டுத்தான் விட்டுச்சு."